பன்னிரண்டு பேருக்கு நடக்கத் தெரியவில்லை

கேமரா அறையின் பொறுப்பு இனி உங்களில் யாராவது ஒருவரிடம் வரும். மென்பொருளை எப்படித் திறப்பது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. என்னைவிட வேகமாக நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். கையேட்டில் இல்லாத ஒரு விஷயத்தை மட்டும் எழுதிவைக்கிறேன். முப்பத்தொரு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்ததில் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றால் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலின் சாமி புறப்பாடு நின்றுபோகும் நிலைக்கு வந்தது. அந்தக் கையெழுத்தைப் போட்டபோது காலை பதினொன்றரை மணி இருக்கும். எனக்குத் தலைவலியோ அவசரமோ எதுவும் இல்லை. நிதானமாகத்தான் போட்டேன்.

கருவி நம் மையத்துக்கு வந்தபோது நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. அதற்கு முன்பு ஒருவரின் நடையை முறையாக அளக்க வேண்டுமென்றால் சென்னைக்கு அனுப்புவோம். அங்கே இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டி நடக்கவிடுவார்கள். நமக்கு வந்ததில் அந்தத் தொந்தரவு இல்லை. சுவர்களில் நான்கு கேமரா, அவ்வளவுதான். ஆள் நடந்தால் போதும். வீடியோவைப் பார்த்து மென்பொருளே மூட்டுகளைக் கண்டுபிடித்து, அவர்மேல் வண்ணக் கோடுகளால் ஒரு குச்சி மனிதனை வரைந்துவிடும். பிறகு ஆறு பக்க அறிக்கை, வரைபடங்களோடு.

முதல் வாரமே அது தன் குணத்தைக் காட்டியது. அறையில் முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்று மாட்டியிருந்தோம். ஒரு நோயாளி நடந்து முடித்ததும் இரண்டு அறிக்கைகள் வந்தன. இரண்டாவது அறிக்கையின்படி, அறையில் இருந்த இன்னொருவர் நடக்கவே இல்லை, உடம்பின் எடை முழுவதையும் ஒரு காலில் போட்டு நிற்கிறார், அவரை உடனே பரிசோதிக்க வேண்டும். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். காலண்டரைக் கழற்றி வரவேற்பறையில் மாட்டினோம். சிரித்ததோடு விட்டது என் தவறு. சுவரில் இருக்கும் படத்தை ஆளென்று எடுத்துக்கொள்ளும் கருவி, இன்னும் எதையெல்லாம் எதுவாக எடுத்துக்கொள்ளும் என்று அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

இப்போது ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பட்டு நெசவாளர், வயது ஐம்பத்தாறு, ஒல்லியான முறுக்கேறிய உடம்பு, பேச்சு குறைவு. அவர் தெருக் கோயிலில் சாமி தூக்கும் பதினாறு பேரில் ஒருவர். சீர்பாதக்காரர்கள் என்று இங்கே சொல்வார்கள். பல்லக்கின் தண்டைத் தோளில் தாங்குவதில் முன்வரிசை வலது பக்கம் அவருடையது. இருபத்தெட்டு வருடமாக அந்த இடத்தில் வேறு தோள் வந்ததில்லை. பொங்கல் கழிந்து முசரவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டி சறுக்கி, இடது முழங்கால் சிப்பி உடைந்தது. வேறொரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து, கட்டுப் பிரித்த பிறகு நம்மிடம் வந்தார். சொன்ன பயிற்சியை எல்லாம் ஒரு நாள் விடாமல் செய்தார். வைகாசித் திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது அவர் நடையில் குறை என்று என் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

சீர்பாதக்காரர்களின் தலைவர் கஜேந்திரன். அவரும் பதினாறு பேரில் ஒருவர், பின்வரிசை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்பது அவர் உடம்பில் ஊறிய பழக்கம். ஏகாம்பரத்தை அழைத்துக்கொண்டு வந்து, பார்க்க நன்றாகத்தான் நடக்கிறான், ஆனாலும் சாமி காரியம், ஒரு கடிதம் மாதிரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று பணிவாகக் கேட்டார். அவர் கேட்டது கடிதம். நான் பெருமையாக, கடிதம் என்ன, எங்களிடம் கேமரா இருக்கிறது, நடையை டிகிரிக் கணக்கில் சொல்லிவிடும் என்றேன்.

முதலில் வேட்டியோடு நடக்கவிட்டோம். திரையில் தெரிந்த குச்சி மனிதனுக்கு முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. கொக்கு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. வேட்டியின் மடிப்பைக் கால் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. சரி, நம்மிடம் இருக்கும் ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். கறுப்பு நிறத்தில், தொடையோடு ஒட்டினாற்போல இருக்கும் ஷார்ட்ஸ். ஏகாம்பரம் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்தப் போட்டுக்கினா நடக்கணும்?" என்றார்.

அவர் மனைவி கௌரி கூட வந்திருந்தார். சாமிக்காகத்தானே, போட்டுக்கொண்டு வா என்று அவர்தான் தள்ளி அனுப்பினார். மறைப்புக்குப் பின்னால் போனவர் வெளியே வர வெகு நேரமானது. வந்தபோது இடுப்பில் துண்டைச் சுற்றியிருந்தார். துண்டையும் வாங்கிக்கொண்டேன். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, குனிந்து, நண்பகல் மணலில் செருப்பில்லாமல் ஓடுகிறவர்போலக் குட்டிக் குட்டி அடிகள் வைத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஒரே ஒரு முறைதான். இன்னொரு முறை நடக்கச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

அறிக்கை வந்தது. கை வீச்சு அறவே இல்லை. உடல் முன்பக்கம் சரிகிறது. இடது காலுக்கும் வலது காலுக்கும் பொருத்தமில்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்புக் கட்டம்: விழும் அபாயம் அதிகம், பாரம் சுமப்பது பரிந்துரைக்கப்படவில்லை.

அதைப் படித்துக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தேன். ஏகாம்பரம் வேட்டியைக் கட்டிக்கொண்டு, வாசல் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கி, வெயிலில் நின்ற வண்டியைத் தள்ளி நிழலில் நிறுத்திக்கொண்டிருந்தார். என் கண் ஒன்று சொன்னது, அறிக்கை இன்னொன்று சொன்னது. கண் சொன்னதில் தசமப் புள்ளி இல்லை. அறிக்கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கௌரி தனியாக வந்தார். சண்டை போடவில்லை. நாற்காலியில்கூட உட்காரவில்லை. அவர் கணவர் தறியில் உட்காரவில்லை, சாப்பிடவில்லை, வாசலுக்கு வரவே இல்லை என்றார். பிறகு கேட்டார்:

"காலு ஒடஞ்சப்பகூட இப்படி இல்லம்மா. அந்த டவுசரப் போடாம நடந்திருந்தா பேப்பர் மாறியிருக்குமா?"

நான் சொன்ன பதிலை இன்றைக்கும் மறக்கவில்லை. "மெஷினுக்கு வெக்கமெல்லாம் தெரியாதும்மா" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். கருவி யார் பக்கமும் சாயாது, உள்ளதைத்தான் சொல்லும் என்ற அர்த்தத்தில். அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் என் பதில் எனக்கே கேட்டது. வெட்கம் கருவிக்கு இல்லை, நடந்தவருக்கு இருந்தது. கருவி அளந்ததே அந்த வெட்கத்தைத்தான். அதை முழங்கால் என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அறிக்கையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கஜேந்திரனுக்குப் போன் செய்தேன். அவர் நேரில் வருவதாகச் சொன்னார். வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி. ஏகாம்பரத்தின் கூட்டாளிகள், அவனை மட்டும் ஏன் சோதிக்க வேண்டும், எங்களையும் சோதியுங்கள் என்று கேட்கிறார்களாம். அதுதான் நியாயம் என்று அவருக்கும் பட்டதாம். சாமி தூக்கும் அத்தனை பேரையும் கேமராவில் நடக்கவிட்டு, ஆளுக்கொரு அறிக்கை வாங்கி, கோயில் பீரோவில் வைத்துவிட வேண்டும். வருகிற வழியில் நம் தலைமை மருத்துவரைப் பார்த்துச் சம்மதமும் வாங்கிவிட்டார். மருத்துவருக்கு ஒரே சந்தோஷம். நான் வாயைத் திறந்து, முதல் அறிக்கையே சரியில்லை என்று நினைக்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரையும் சோதித்தால் உண்மை தானாகத் தெரிந்துவிடும், நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது என்று மனது ஒரு கணக்குப் போட்டது. நெருக்கடியில் மனது இப்படித்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். கவனமாக இருங்கள்.

அடுத்த நாள் காலை ஏகாம்பரம் நீங்கலாகப் பதினைந்து பேரும் வந்தார்கள். கூடவே சாமிக்குக் குடை பிடிக்கும் சுந்தரம். சமதரையிலும் தடுக்கி விழுபவர் என்பதால்தான் அவரிடம் தண்டைக் கொடுக்காமல் குடையைக் கொடுத்திருந்தார்கள். அவர் காலையில் மைதானத்தில் நடந்துவிட்டு நேராக வந்ததால் இளநீல டிராக் பேண்ட்டில் இருந்தார். மற்ற பதினைந்து பேருக்கும் நம்மிடம் இருந்தது ஆறு ஷார்ட்ஸ், ஒரே அளவில். முதல் ஆள் கழற்றினால்தான் ஏழாவது ஆள் போட முடியும். சிலருக்கு அது தொடையைத் தாண்டி ஏறவில்லை. சிலருக்கு இடுப்பில் நிற்கவில்லை, பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.

ஒருவர் நடக்கும் முன் நான்கு கேமராக்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்துக் கடைசிவரை முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பிச் சிரித்தபடி பக்கவாட்டில் நடந்தார். பாதிப் பேர் நடந்த பிறகு கஜேந்திரன் உள்ளே எட்டிப் பார்த்து, சாதாரணமாக நடக்காதீர்கள், சாமி தூக்குகிற மாதிரி நடங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். சாமி தூக்குகிறவர்களின் நடை வேறு. முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைத் தரையோடு தேய்த்தாற்போல வைத்து, தோள் மட்டம் மேலும் கீழும் போகாமல் நகர்வார்கள். இல்லையென்றால் மேலே சாமி குலுங்கும். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நடையைப் பார்த்திராத மென்பொருள் அதைப் பார்த்து என்ன நினைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பதினைந்து பேரில் பதினோரு பேருக்குச் சிவப்புக் கட்டம். ஏகாம்பரத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு. மீதி நாலு பேருக்கு மஞ்சள். எல்லாவற்றையும்விட மோசமான அறிக்கை கஜேந்திரனுடையது. அவருடைய இடது காலையும் வலது காலையும் கருவி மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டதால், அவர் ஒவ்வோர் அடிக்கும் கால்களைச் சடை பின்னுவதுபோலப் பின்னிக்கொண்டு நடப்பதாக வந்திருந்தது. முழுப் பச்சை வாங்கியவர் ஒரே ஒருவர்தான், சுந்தரம். வயதுக்கு மிகச் சிறந்த நடை என்று ஒரு பாராட்டு வரியும் இருந்தது. தட்டிக் கொடுத்தார்கள். திரும்பிப் போகும்போது வாசல் கால்மிதியில் தடுக்கினார்.

கஜேந்திரன் அறிக்கைகளில் சிவப்பை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமுமாகப் பிரித்து எண்ணினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நாலு பேர வெச்சிக்கினு சாமிய எப்படிம்மா தூக்கறது?"

அப்போதும் நான் நாளைக்குச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். என்னை உலுக்கியது அதற்கு அடுத்து நடந்தது. மாணிக்கம் என்று ஒருவர். காலையில் வாசல் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தவர். அவர் அறிக்கையில் வலது கால் பலவீனம் என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே முடியவில்லை. நான் முப்பது வருடமாக நொண்டுகிறவர்களை நடக்கவைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு தாளால் நடக்கிறவரை நொண்டவைத்தேன்.

கருவியை விற்ற நிறுவனத்தின் பொறியாளரைப் போனில் பிடித்தேன். இளவயதுக் குரல், மிகவும் மரியாதை. தரை என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கும் என்றேன். உடை என்ன நிறம் என்றார். கறுப்பு என்றேன்.

"மேடம், கறுப்புத் தரையில கறுப்பு டிரஸ் போட்டா, கால் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாது. தரையில தெரியற பிம்பத்தையும் கால்னு எடுத்துக்கும்" என்றார்.

கிழக்குச் சன்னலில் வெயில் விழும் நேரத்தில் இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். இதெல்லாம் கையேட்டின் பின்பகுதியில் எழுதியிருக்கிறதாம். எடுத்துப் பார்த்தேன், எழுதித்தான் இருந்தது. நாங்கள் யாரும் முன்பகுதியைத் தாண்டவில்லை.

அன்று பிற்பகல் கேமரா அறையைச் சாத்திக்கொண்டு நானே நடந்தேன். அதே கறுப்பு உடையோடு, அதே தரையில், பத்து முறை. நான் ஒரே ஆள், என் முழங்கால் அதே முழங்கால். பத்து அறிக்கையும் பத்து விதம். மூன்றாவது முறை என் கால் மடங்கிய அளவுக்கும் நான்காவது முறை மடங்கிய அளவுக்கும் பதினான்கு டிகிரி வித்தியாசம். ஆறாவது அறிக்கையின்படி நான் விழும் அபாயத்தில் இருக்கிறேன். ஏழாவதின்படி விளையாட்டு வீராங்கனை. இரண்டுக்கும் நடுவில் நான் செய்தது ஒரு டம்ளர் மோர் குடித்தது மட்டும். நம்பகத்தன்மை என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாறாத ஒன்றைத் திரும்ப அளந்தால் மாறாத விடை வர வேண்டும் என்பதுதான் அது. ஏகாம்பரத்தை இரண்டாவது முறை நடக்கவிட்டிருந்தால் எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். என் சங்கடத்துக்காக அதைச் செய்யாமல் விட்டேன்.

மறுநாள் காலை பத்து அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு கஜேந்திரன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி, இவை அத்தனையும் நான்தான் என்றேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளையாட்டு வீராங்கனையைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு முறை பார்த்தார்.

"அப்ப மெஷின் பொய் சொல்லுதுன்றீங்க."

"பொய் இல்லைங்க. அது பாத்ததத்தான் சொல்லுது. பாக்கறதையே தப்பாப் பாக்குது."

"சரிம்மா. மெஷின் பாத்துச்சி. கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தாங்க."

அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தலையை ஆட்டிக்கொண்டு, காபி கொண்டுவரச் சொன்னார். பிறகு, அறிக்கை எல்லாம் ரத்து என்றால் ஏகாம்பரம் விஷயத்தில் என்ன செய்வது, தூக்கலாமா கூடாதா என்றார். தூக்கலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செய்த தவறுக்குப் பரிகாரம்போல இருந்திருக்கும். ஆனால் ஒரு தப்பான 'கூடாது'வை அவசரமான ஒரு 'கூடும்' சரிசெய்யாது. அவர் தண்டைத் தோளில் வைத்து நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு ஒத்திகை வைப்பார்கள். வெறும் தண்டுகளின்மேல் சாமிக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை ஏற்றி, மாட வீதியை ஒரு சுற்று சுற்றுவார்கள். ஏகாம்பரத்தை வரவைத்தது கௌரிதான். வந்தவர் என்னைப் பார்க்காமல் போய் முன்வரிசையில் தன் இடத்தில் நின்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதிலுக்கு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மட்டும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூட்டைகள் ஏறின. பதினாறு பேரும் நகர்ந்தார்கள். மாணிக்கமும் இருந்தார். அறிக்கை ரத்து என்று கேட்ட அன்றே அவர் கால் சரியாகிவிட்டதாம். நான் ஏகாம்பரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தேன். நேர் வீதியில் அவர் நடை அத்தனை அழகு. மூட்டை ஒரு விரல்கூட ஆடவில்லை. என் கண் சொன்னதுதான் சரி, கருவி முட்டாள் என்று மனதுக்குள் ஒரு கர்வம் வந்துவிட்டது.

முதல் மூலையில் பல்லக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். முன்வரிசை வலதில் இருப்பவர்தான் உள்பக்கம், ஏறக்குறைய நின்ற இடத்திலேயே பாரத்தோடு திரும்ப வேண்டும். இடது காலை ஊன்றி உடம்பைத் திருப்பினார் ஏகாம்பரம். அந்த ஒரு நொடி முழங்கால் வெடுக்கென்று உள்பக்கம் மடங்கியது. தண்டு இரண்டு விரல்கடை இறங்கி மறுபடியும் ஏறியது. பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியக்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது.

சுற்று முடிந்து தண்டை இறக்கியதும் தனியாகக் கேட்டேன். இது முதல் முறையா?

"இல்லம்மா. வூட்டாண்ட திரும்பும்போது சொவரப் புடிச்சிக்கினுதான் திரும்புவேன்."

"இத்தன நாளா ஏண்ணா சொல்லல?"

"உங்க ரூம்புல நேராத்தான நடக்கச் சொன்னீங்க. திரும்பச் சொல்லவே இல்லியேம்மா."

இந்தப் பதிலை நான் நம் கேமரா அறைக் கதவில் எழுதி ஒட்டலாம் என்றுகூட நினைத்ததுண்டு. நம் நடைத்தடம் எட்டு மீட்டர், நேர்கோடு. அதன் முடிவில் ஆள் திரும்புவது கேமராவின் பார்வைக்கு வெளியே. அந்த நேரத்தில் நான் ஆளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கருவி தப்பான காரணத்தைச் சொல்லிக் கூடாது என்றது. என் கண் போதிய காரணமில்லாமல் கூடும் என்றது. இரண்டு பேருமே அவருக்கு வலிக்கிற இடத்தைப் பார்க்கவில்லை.

நேராக நடக்கலாம், பாரத்தோடு திரும்பக் கூடாது. இதைத்தான் சொல்ல முடிந்தது. சாமி சுற்றுவது நான்கு வீதி, அதில் நான்கு மூலை. கஜேந்திரன் தலையைப் பிடித்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். மூலையில் மட்டும் வேறொருவர் தோள் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். தூக்கிய பிறகு நடுவில் ஆள் மாற்றுவது வழக்கத்திலேயே இல்லை என்றார். மூலைக்கு மூலை தீபாராதனைக்கு நிற்கத்தானே செய்கிறீர்கள், நிற்கும்போது மாற்றலாமே என்றேன். கொஞ்சம் யோசித்து, அதே உயரத்தில் ஆள் வேண்டுமே, இல்லாவிட்டால் தண்டு சாயும் என்றார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேமரா முன் நடந்த எல்லோருடைய உயரத்தையும், ஏகாம்பரத்துடையதையும் சேர்த்து, நாங்கள் குறித்து வைத்திருந்தோம், சாதாரண டேப்பால், சுவரோடு நிற்கவைத்து. அந்த நாட்களில் எடுத்த அளவுகளில் நான் நம்பிக் கையில் எடுக்கக்கூடியது அது ஒன்றுதான். பட்டியலைப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் உயரம் சென்டிமீட்டர் பிசகாமல் இன்னொருவருக்கு இருந்தது. குடை பிடிக்கும் சுந்தரம்.

யாருக்கும் பிடிக்கவில்லை. சுந்தரத்துக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவர் சமதரையில் தடுக்கி விழுவது வேடிக்கை பார்த்துக்கொண்டே நடப்பதால்தான் என்று மாணிக்கம் சொன்னார். தோளில் சாமி இருந்தால் எவன் வேடிக்கை பார்ப்பான் என்றார். மூன்று நாளும் காலையில் மூலையில் நின்று மாற்றிப் பழகினார்கள். சுந்தரம் தண்டுக்கு வரும்போது குடையை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. ஏகாம்பரம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். நான் ஒரே ஒரு தாளில் என் கையால் எழுதினேன். நேரான வீதியில் பாரம் தூக்கலாம், திரும்பும்போது கூடாது, இதைத் தோளில் பாரத்தோடு நேரில் பார்த்து எழுதுகிறேன் என்று. கையெழுத்துப் போட்டேன். கஜேந்திரன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திருவிழா அன்று நானும் போனேன். முதல் மூலையில் மேளம் நின்று தீபாராதனை ஆனதும், ஏகாம்பரம் தண்டுக்கு அடியிலிருந்து விலகினார். சுந்தரம் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தோள் கொடுத்தார். பல்லக்கு திரும்பியது. பத்து அடி போய் மறுபடியும் மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவது மூலையில்தான் ஏகாம்பரத்தின் முகத்தைக் கவனித்தேன். இருபத்தெட்டு வருடமாகச் சாமிக்கு அடியிலேயே நடந்தவர், குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் முறையாகப் புறப்பாட்டில் சாமியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாற்றத்துக்குச் சுந்தரம் இரண்டு முறை அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

பிறகு நாங்கள் தரையில் பளபளப்பில்லாத சாம்பல் நிற விரிப்புப் போட்டோம், சன்னலுக்குத் திரை போட்டோம், வெளிர் நிறத்தில் பல அளவுகளில் தளர்வில்லாத முழுக்கால் உடைகள் வாங்கினோம். ஓர் ஆளை மூன்று முறை நடக்கவிட்டு, இன்னொரு நாள் வரவைத்து மறுபடியும் பார்க்கிறோம். நேராக நடந்த பிறகு உடம்பைத் திருப்பிக் காட்டவும் சொல்கிறோம். அடி எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம் என்பதை அந்தக் கருவி இப்போது நன்றாகவே சொல்கிறது. மூட்டு உள்ளே முறுக்கிக்கொள்வதைச் சொல்வதில் இன்னும் தடுமாறுகிறது. அதைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அதன் வேலை அளப்பது. கையெழுத்துப் போடுவது உங்கள் வேலை.

ஏகாம்பரத்துக்கு மேலும் நான்கு மாதம் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தேன், இந்த முறை மூலைகளோடு. பாரம் தூக்கித் திரும்பிக் காட்டினார், முழங்கால் அசையவில்லை. இனி மாற்றத் தேவையில்லை என்று அவரிடமும் கஜேந்திரனிடமும் சொன்னேன். சரி என்றார்கள்.

அடுத்த வருடத் திருவிழாவில் கூட்டத்தோடு முதல் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். தீபாராதனை ஆயிற்று. ஏகாம்பரம் விலகினார், சுந்தரம் குடையைக் கொடுத்தார், தோள் மாறியது. கால் மறுபடியும் போய்விட்டதா என்று அவரிடமே போய்க் கேட்டேன். குடையைப் பிடித்தபடி குனிந்து, கால் நன்றாகத்தான் இருக்கிறது, இந்த வருடம் மாற்றாமல் போகலாம் என்று பார்த்தால் ஜனங்கள் விடவில்லை என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். இது எதற்காக என்று தெரியாதவள்போல அவரிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்துல ராஜாவே வந்து இந்த மூலையில கொட புடிச்சாராம்மா. தூக்கறவனும் ஒண்ணு, கொட புடிக்கறவனும் ஒண்ணுன்னு சாமி சொல்லிச்சாம். அன்னிலேர்ந்து நடந்துக்கினு வருது" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுகூடத் தெரியலியே, நீங்க எந்த ஊரும்மா?"

நான் பிறந்தது அதற்கு இரண்டு தெரு தள்ளி. வாலாஜாபாத் பக்கம் என்று சொல்லிவைத்தேன்.